வல்தோரி வீட்டுப் பணமும் சவுக்குக் கட்டை லாரியும்

காலை ஆறரைக்கு எழும்பூரில் ரயிலேறினோம். செங்கல்பட்டு முப்பத்தைந்து மைல். என்னோடு வந்தவர் பியெத்ரோ வல்தோரி, தோல் வாங்கச் சென்னைக்கு வந்திருந்த இத்தாலியர். பெரியமேட்டுத் தோல் மண்டியில் அவருக்காக ஆங்கிலக் கடிதங்கள் எழுதுபவன் நான். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்க்க ஆசைப்பட்டார். கையிலிருந்த பணத்தை நல்ல இடத்தில் போடவும் ஆசை. இரண்டுக்கும் வழி நான்தான் என்று மார்தட்டிக்கொண்டு கிளம்பினேன்.

எட்டரை மணிக்குச் செங்கல்பட்டு நிலையத்தில் சலீம் பாய் காத்திருந்தார். என் பழைய சிநேகிதர், விறகு வியாபாரி. கடற்கரைத் தோப்புகளின் சவுக்குக் கட்டையைக் கால்வாய்ப் படகில் சென்னைக்கு அனுப்புபவர். கோடை வந்தால் தண்ணீர் வற்றிப் படகு தரைதட்டிவிடும். அதனால் ஒரு பழைய லாரிக்கு விலை பேசியிருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் வேறொருவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

"நாஸ்தா பண்ணிட்டு பஸ்ஸு ஏறலாம் அண்ணாத்த. தொரை இட்லி துண்ணுவாரா?"

துரை ஆறு இட்லி தின்றார்.

மாமல்லபுரம் பதினெட்டு மைல், ஆளுக்குப் பத்தணா. பஸ் புறப்பட்டதும் வல்தோரி தன் வம்சக் கதையை ஆரம்பித்தார். ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. நான் பாய்க்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மூதாதை ஒருவர் சந்தையில் பெஞ்சு போட்டுக் காசு மாற்றியவராம். வட்டி வாங்குவது பாவம் என்று அவர்கள் மதகுருமார் தடுத்திருந்த காலம். அதனால் அவர் கடன் கொடுக்காமல் கூட்டுச் சேர்ந்தார். பணம் இவருடையது, கப்பல் ஏறி அலைவது இன்னொருவர். லாபத்தைப் பங்கு போட்டார்கள். கப்பல் முழுகினால் போன பணம் போனதுதான். அப்படிச் சேர்ந்த செல்வத்தில் பேரன் ஊர் ஊராகக் கிளை வைத்தார், அரசர்களுக்கே கடன் கொடுத்தார். கொள்ளுப்பேரனுக்குப் பிரபுப் பட்டமும் மாளிகையும் வந்தன.

"அடேயப்பா! பெஞ்சுலேர்ந்து மாளிகைக்கா!" என்றார் பாய். திருக்கழுக்குன்றம் வந்தது கூட எங்களுக்குத் தெரியவில்லை.

பதினொன்றரைக்கு ஐந்து ரதங்களைச் சுற்றிவிட்டு, கல்யானையின் நிழலில் உட்கார்ந்து விஷயத்துக்கு வந்தோம். வல்தோரி தாராளமாகவே பேசினார். லாரிக்கான முழுப் பணமும் தருவாராம், நூற்றுக்கு ஆறு வட்டி.

பாய் சட்டென்று எழுந்துவிட்டார். "வட்டியா? எங்களுக்கு ஆகாது. குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் இது எனக்குத் தெரியாதா என்ன! குறைந்த வட்டி என்றால் கண்டுகொள்ள மாட்டார் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். லாரி போயிற்று என்றே நினைத்தேன்.

மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு பாய் சொன்னார்: "தொரைகிட்ட கேளு. அந்தப் பெஞ்சுல குந்திகினு இருந்த பாட்டன் வந்தா நான் ரெடி. லாபத்துல பாதி. லாரி கவுந்தா துட்டு அவருக்குப் போச்சு, ஒழப்பு எனக்குப் போச்சு. மாளிகைக்காரரு வாணாம்."

சொல்லத் தயங்கினேன். ஆனால் ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டேன். வல்தோரியின் முகம் சிவந்தது. பிறகு, தன் வீட்டில் யாரும் அப்படிப் பணம் போட்டு நானூறு வருஷமாவது இருக்கும் என்றார். சரியென்றோ மாட்டேனென்றோ வாயைத் திறக்கவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பும் பஸ். இந்த முறை ஜன்னலோர இடத்தை அவரே பிடித்துக்கொண்டார். ஒரு மைல் போயிருக்கும், என் தோளைத் தட்டினார். மழைக்காலத்தில் இந்தச் சாலையில் தண்ணீர் ஏறுமா? அடுத்த மதகில் பஸ் குலுங்கியதும் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். கட்டை ஏற்றிய லாரியை இது தாங்குமா? ஓட்டுபவன் குடிப்பவனா?

நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். சலீம் பாய் கையமர்த்தினார். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"நீ சொல்லவே வாணாம் அண்ணாத்த. மதகைப் பாத்து பயந்துகினு கீறாரு பாரு. வட்டிக்குக் குடுக்கறவனுக்கு மதகைப் பத்தி இன்னா கவல? வெள்ளிக்கெழம லாரி நம்ம வூட்டு வாசல்ல நிக்கும்."