மூன்று வேளைக் கஞ்சி

எழுபதுகளின் கடைசியில் நான் காரைக்கால் தலத்தெருவில் பள்ளிக்கூட டீச்சர். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பேன், ஒரே வேளைதான் சாப்பாடு. பத்து வருஷமாக ஒருநாளும் தவறியதில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்.

அந்த வருஷம் சொத்தைப்பல் சீழ் பிடித்துக் கன்னம் வீங்கியது. டாக்டரம்மா கேப்ஸ்யூல் கொடுத்தார்கள். நாலாம் நாள் வீக்கம் ஏறி வலது கண்ணே மூடிக்கொண்டது. பயந்துபோய் மாத்திரைக் கவரோடு மறுபடி ஓடினேன்.

"மாத்திரை இவ்வளவு மிச்சம் இருக்கே, டீச்சர்?"

"மூணு வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகுன்னு சொன்னீங்க. நான் ஒரு வேளைதாங்க சாப்பிடுறேன்."

அவர்கள் சிரிக்கவில்லை. "பல்லுல இருக்கிற கிருமி ஒருசந்தி இருக்கலைங்க. அது மூணு வேளையும் சாப்பிடுது."

ஊசி போட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து மூன்று வேளையும் கஞ்சி குடித்து மாத்திரை போட்டேன். மதியக் கஞ்சியைப் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் எதிரிலேயே குடிக்க வேண்டியிருந்தது. வீக்கம் வடிந்த பிறகும் சொன்ன நாள்வரை நிறுத்தவில்லை. பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். ஈஸ்டர் காலைப் பூசையில் பாடல் குழுவின் முன்வரிசையில் நின்று, வாயை நன்றாகத் திறந்து, கோவில் அதிரப் பாடினேன்.

பத்து வருஷமும் பட்டினி கிடந்தது எனக்குச் சிரமமாகவே இருந்ததில்லை. எல்லாரும் பார்க்க அந்த முதல் கஞ்சியைக் குடித்ததுதான் என்னை நானே வருத்திச் செய்த பெரிய ஒறுத்தல்.