மெயில் சர்வரும் காலை வணக்கப் படமும்

ஒத்தக்கடையில் ஒரு கல்லூரி. அதன் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சில வாரங்களாக அது மதியத்துக்குள் மெமரி முழுவதையும் விழுங்கிவிட்டுப் படுத்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால் எழும். மறுநாளும் அதே கதை. எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்காத ஏதோ ஒரு புரோகிராம் உள்ளே ஓடுகிறது என்பது புரிந்தது. பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்காவிட்டால் அடுத்தவர்கள் எங்கே உட்காருவது? பொறுமையாகத் தேடியிருக்க வேண்டும். எனக்கும் பொறுமைக்கும் வெகு தூரம்.

ஆபீஸில் ஒரு கிளார்க் அண்ணன் இருக்கிறார். எழுமலையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். வந்ததும் ரோஜாவோ தாமரையோ போட்ட காலை வணக்கப் படம் ஒன்றை அத்தனை பேருக்கும் மெயிலில் அனுப்புவார். வாட்ஸ்அப் குரூப்பில் படம் போடக் கூடாது என்று பிரின்சிபால் சொன்னதிலிருந்து இந்த ஏற்பாடு. எனக்கு அந்தப் பூக்களைப் பார்த்தாலே எரிச்சல் வரும்.

ஸ்டாஃப் மீட்டிங்கில் பிரின்சிபால், "ஏம்மா, மெயில் தினமும் படுத்துக்கிருதே?" என்று கேட்டார். என் வாய் சும்மா இருக்கவில்லை. "அண்ணே அனுப்புற பூவைத் தின்னே அதுக்கு வயிறு வெடிக்குது சார்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

மறுநாளிலிருந்து படம் வரவில்லை. சர்வரும் சில நாள் தாங்கியது. நான் சொன்னது சரிதான் என்று மிதப்பில் இருந்தேன். பிறகு மறுபடியும் படுத்துவிட்டது. அன்று அவரே என் அறைக்கு வந்தார்.

"நாந்தான் நிப்பாட்டிட்டேனேம்மா. பழசு எதுவும் உள்ள கெடக்கோ? என்னால அம்புட்டுப் பேருக்கும் தொந்தரவு."

அப்போதுதான் உட்கார்ந்து ஒவ்வொரு புரோகிராமாக நிறுத்திப் பார்த்தேன். நானே எழுதிய புரோகிராம் ஒன்றும் அதில் உண்டு; அதில் தப்பு இருக்காது என்று கடைசிக்குத் தள்ளியிருந்தேன். அதுதான் காரணம். அவருடைய படங்கள் மேல் இருந்த எரிச்சலில், மெயிலில் வரும் படங்களையெல்லாம் சுருக்குவதற்கு எழுதியது. யார் அனுப்பிய படமானாலும் சுருக்கிய பிறகு பெரிய படத்தை மெமரியில் விடாமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. அவர் படம் நின்றதும் மெமரி நிரம்பச் சில நாள் கூடுதலாகப் பிடித்தது, அவ்வளவுதான். சரிசெய்ய ஒரு வரி போதுமாக இருந்தது.

சாப்பாட்டு வேளையில் அவர் மேஜைக்குப் போய், "தப்பு என்னோடதுண்ணே, உங்க படத்துல ஒண்ணுமில்ல," என்று மெதுவாகச் சொன்னேன்.

டிபன் பாக்ஸை மூடினார். "சரிம்மா. என்னையச் சொன்னப்ப மீட்டிங்ல சொன்னீங்க. இத மட்டும் காதுக்குள்ள சொல்றீங்க."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

அன்றே எல்லோருக்கும் மெயில் எழுதினேன். தவறு என்னுடையது, அண்ணன் மேல் பழி போட்டதற்கு வெட்கப்படுகிறேன், அவருடைய காலை வணக்கம் மறுபடியும் வர வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். பதில்கள் வந்து குவிந்தன. சூப்பர், கண்டுபிடித்ததற்கு வாழ்த்துகள் என்று என்னைத்தான் பாராட்டியிருந்தார்கள். அவரிடமிருந்து எதுவும் இல்லை.

மறுநாள் காலை கோச்சடையில் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே மெயிலைத் திறந்தேன். அவர் வந்து சேரும் நேரம் தாண்டியிருந்தது. பூ வரவில்லை. சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.