அப்பாவின் மூன்று டாக்டர்களும் ஒரே மேஜையில்

மார்த்தாண்டத்தில் திருவனந்தபுரம் பஸ் ஏறும்போது காலை ஆறரை. டிக்கெட் ஆளுக்குப் பதினான்கு ரூபாய். என் பக்கத்தில் அப்பா. அவர் மடியில் மூன்று துணிப்பைகள். மஞ்சள் பை இருதயத்துக்கு, நீலப் பை சர்க்கரைக்கு, வெள்ளைப் பை கிட்னிக்கு. ஒன்றோடு ஒன்று உரசாமல் நடுவில் கையைக் கொடுத்துப் பிடித்திருந்தார்.

பைகளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருவனந்தபுரத்தில் ஒரே ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர்களிடம் அப்பா சில வருஷங்களாக வைத்தியம் பார்த்து வந்தார். ஒருவரிடம் போவது மற்ற இருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவர் அப்பாதான். முன்பு ஊரில் ஒரு டாக்டரிடம், "இன்னார் குடுத்த மாத்திரையும் தின்னுதேன்" என்று உண்மையைச் சொன்னார். அந்த டாக்டர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, "அப்ப அவரையே பாருங்க" என்றாராம். அன்றைக்கு அப்பா ஒரு பாடம் படித்தார்.

"ஒரு டாக்டர் முன்னால இன்னொரு டாக்டர் பேரை எடுக்கப்பிடாது மக்களே. பொண்ணு பாக்கப் போன வீட்டுல இருந்துகிட்டு, போன வாரம் பாத்த பொண்ணப் பத்திப் பேசுதது மாதிரி அது."

இது அப்பாவின் தனிக் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு வியாதி உள்ளவர் எல்லோருமே இப்படித்தான். ஆனால் பைக்கு ஒரு நிறம் என்று முறை வகுத்தது அப்பா மட்டும்.

இரண்டு மாதமாக அவருக்கு எழுந்து நின்றால் கண் இருட்டியது. ஏத்தன் வாழைக்குலை ஏற்றிய சைக்கிளோடு ஒருநாள் வாய்க்காலில் விழுந்தார். அடுத்தது ஞாயிறு ஆராதனையில். காணிக்கைப் பையோடு மூன்றாவது பெஞ்சுவரை வந்தவர் அப்படியே சரிந்தார். தூக்கிவிட வந்தவர்களில் இரண்டு பேர் முதலில் அவர் வாயைத்தான் மோந்து பார்த்தார்கள். கள்ளைக் கூடத் தொடாத மனுஷன். "எலியாசு அண்ணன் இந்த வயசுல ஆரம்பிச்சிட்டாரே" என்று ஊர் வருத்தப்பட்டது. அம்மா அழுதாள். அப்பா குலை வியாபாரத்தை நிறுத்தி வீட்டில் உட்கார்ந்தார். தலைசுற்று நிற்க வேண்டும். இந்தப் பயணம் அதற்குத்தான்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சுவரில் எது ஒட்டியிருந்தாலும் கடைசி வரிவரை வாசித்துவிடுவேன். போன தடவை ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்தது இது: பல நோய் உள்ளவர்களுக்கு வியாழன்தோறும் கூட்டுச் சிகிச்சை, எல்லா டாக்டர்களும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பார்கள், எல்லா மருந்துகளையும் கொண்டுவரவும். அப்பா கேட்டுவிட்டு, "என்னக் காட்டிக் குடுக்கப் போறியா?" என்றார். சம்மதிக்க வைக்கப் பல நாள் ஆயிற்று.

களியக்காவிளை தாண்டியதும் கடைப் பலகைகள் மலையாளத்துக்கு மாறின. இங்கிருந்து திருவனந்தபுரம் முப்பது கிலோமீட்டர். நெய்யாற்றின்கரையில் ஏறிய ஒரு பெரியவர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். மூன்று பைகளையும் சற்று நேரம் பார்த்தார்.

"க்ஷேத்ராடனமோ?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றேன். "எல்லா டாக்டர்களும் ஒண்ணா இருந்து பாப்பாங்களாம், அதுக்கு."

"அந்த வியாழக்கிழமை மேஜையா? நான் போயிட்டு வந்தாச்சு. காப்பி நன்னா இருந்தது."

"வைத்தியம்?"

"டாக்டராளெல்லாம் சண்டை போட்டுப்பான்னு நெனச்சுண்டு போனேன். போட்டிருந்தாத் தேவலை. ஒரே மரியாதை, கேட்டேளா? சார் சொல்லட்டும், இல்லை சார் சொல்லட்டும்னு. பந்தியில மொத இலைக்கு உக்காரச் சொன்னா நம்மாத்துல நடக்குமே, அதேதான். எட்டு மாத்திரையோட போனேன், ஒம்பதோட வந்தேன்."

"ஒம்பதாவது எதுக்கு அய்யா?" என்று அப்பா அக்கறையாகக் கேட்டார்.

"அந்த எட்டும் வயத்தைக் கெடுக்காம இருக்கணுமோன்னோ."

அவர் கரமனையில் இறங்கினார். அப்பா, "அடுத்த பஸ்ஸுல திரும்பிருவோமா மக்களே?" என்றார்.

தம்பானூரிலிருந்து ஆட்டோ. மீட்டர் காட்டியதை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையை டிரைவர் தானாகவே கொடுத்தார். எங்கள் ஊரிலிருந்து வருகிறவனுக்கு இது ஒரு காட்சி. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே ஒரு சாயாக்கடை. எந்த டாக்டரைப் பார்க்க வந்தாலும் அந்த டாக்டரின் பையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அப்பா இந்தக் கடையில் வைத்துவிட்டுப் போவார். கடைக்காரர் வழக்கம்போலக் கையை நீட்டினார். அப்பா தலையசைத்தார்.

"மூணும் கொண்டாணோ போறது?"

"ஆமா."

கடைக்காரர் எங்களுக்கு இரண்டு சாயா போட்டார். காசு வேண்டாம் என்றார்.

கூட்டுச் சிகிச்சை நடந்த இடம் உடற்பயிற்சி கொடுக்கும் அறை. சுவரோரம் மிதிவண்டி மாதிரி யந்திரங்கள், பிடித்து நடக்கக் கம்பிகள், நடுவில் ஒரு மேஜை. இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் லதிகா என்ற இளம் டாக்டர். பேச்செல்லாம் மலையாளம்தான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது பாதி வீட்டுப் பேச்சு என்பதால் தமிழிலேயே தருகிறேன். ஏன் இந்த அறை என்று கேட்டேன்.

"ஒரு சீனியர் டாக்டர் இன்னொருத்தர் ரூமுக்குப் போக மாட்டார். போனால் இறங்கிப் போன மாதிரி. இது யார் ரூமும் இல்லை."

"இங்கே வர ஒத்துக்கிட்டாங்களா?"

"முதலில் ஜூனியர்களை அனுப்பினாங்க. அப்புறம் கேன்டீனில் சொல்லி மீன் கட்லெட் வரவழைச்சேன்." சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. "நோயாளிகள் உடனே ஏத்துக்கிட்டாங்க. டாக்டர்களுக்குத்தான் நாளாகுது."

அப்பாவைப் படுக்கவைத்து பிரஷர் பார்த்தார். கம்பியைப் பிடித்து மெதுவாக நிற்கச் சொல்லி மறுபடி பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

பத்து மணிக்கு டாக்டர்கள் வந்தார்கள். முதலில் கிட்னி டாக்டர், பின்னால் சர்க்கரை டாக்டர், கடைசியில் நரைத்த தலையும் இடுப்பில் செல்போனுமாக இருதய டாக்டர். அந்தக் காலத்தில் செல்போன் இருந்தால் பெரிய டாக்டர் என்று அர்த்தம்.

"எலியாஸ் அல்லவா? நம்ம ஆளாச்சே" என்றார் இருதய டாக்டர்.

"நம்ம ஆள் சார். எங்கிட்டதான் பார்க்கிறார்" என்றார் கிட்னி டாக்டர்.

சர்க்கரை டாக்டர் வயதில் இளையவர். அப்பாவைப் பார்த்தார், மற்ற இருவரையும் பார்த்தார், கட்லெட் தட்டை அவர்கள் பக்கம் நகர்த்தினார்.

அப்பா வியர்த்துப்போய் மூன்று பேருக்கும் தனித்தனியாகக் கும்பிட்டார். பிறகு பொதுவாக, "இன்னைக்குத்தான் முதமுதல்ல வாறேன்" என்றார்.

டாக்டர் லதிகா மூன்று பைகளையும் மேஜைமேல் கவிழ்த்தார். அட்டை அட்டையாக மாத்திரைகள். அத்தனைக்கும் ஆங்கிலப் பெயர் எனக்கு மனப்பாடம். மூன்று அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார் அவர். பெயர் மூன்றும் வேறு வேறு, வேலை ஒன்றே. மூன்று டாக்டரும் ஆளுக்கொரு பிரஷர் மாத்திரை எழுதியிருந்தார்கள். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரேலென்று இறங்குவது அதனால்தானாம். மூன்றையும் நேரம் தவறாமல் முழுங்க வைத்தவன் நான்.

"ஒண்ணு இருந்தால் போதும்" என்றார் டாக்டர் லதிகா.

கரமனைக்காரர் சொன்னது அப்புறம்தான் எனக்கு விளங்கியது.

"சார் எழுதினது இருக்கட்டும். அதைத் தொட நான் யார்?" என்றார் கிட்னி டாக்டர்.

"உங்களுடையதும் நல்ல மருந்துதான். இருக்கட்டும்" என்றார் இருதய டாக்டர்.

"ரெண்டு சாருடையதும் இருக்கணும்" என்றார் சர்க்கரை டாக்டர். "என்னுடையது ரொம்பச் சின்னது. இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்தவர் மருந்தை நிறுத்தினால் அவமரியாதை. தன் மருந்தை நிறுத்தினால், இத்தனை நாள் கொடுத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். ஒருவரை ஒருவர் புகழ்ந்துகொண்டே பெரியவர்கள் இருவரும் கட்லெட்டை முடித்தார்கள். ஒரு குரல்கூட உயரவில்லை. மூன்று அட்டைகளும் மேஜையில் அப்படியே கிடந்தன. டாக்டர் லதிகா பேனாவைத் திறந்தார், மூடினார். செல்போன் அடித்தது.

"அப்போ எல்லாம் இப்படியே தொடரட்டும்" என்று இருதய டாக்டர் எழுந்தார்.

டாக்டர் எழுந்தால் அப்பா உட்கார்ந்திருக்க மாட்டார். துள்ளி எழுந்தார். கும்பிடக் கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. கண் மேலே செருக, மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தார். நான் ஓடுவதற்குள் இருதய டாக்டர் தாங்கிவிட்டார். பாரம் தாளாமல் இருவரும் சேர்ந்தே தரையில் உட்கார்ந்தார்கள். செல்போன் எங்கோ உருண்டுபோய் அடித்துக்கொண்டிருந்தது. கிட்னி டாக்டர் அப்பாவின் இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்தார். சர்க்கரை டாக்டர் மண்டியிட்டு விரலில் ஊசி குத்தினார்.

அப்பா கண் திறந்தார். மிக அருகில் மூன்று டாக்டர் முகங்கள். மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தார்.

"எழுந்திருக்காதீங்க" என்றார்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில். அன்று காலையில் அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் விஷயம் அதுதான்.

கால்களைப் பிடித்தபடியே கிட்னி டாக்டர் மெதுவாக, "என் மாத்திரையை நிறுத்திடலாம் சார்" என்றார்.

"இல்லை, என்னுடையதை நிறுத்தறேன்" என்றார் இருதய டாக்டர். அப்பாவின் தலை அவர் மடியில் இருந்தது.

"சின்னதுதானே முதல்ல போகணும்?" என்றார் சர்க்கரை டாக்டர்.

இப்போது விட்டுக்கொடுப்பதில் மரியாதை தொடங்கியது. அது முற்றுவதற்குள் டாக்டர் லதிகாவும் தரையில் வந்து உட்கார்ந்தார். "மூணையும் நிறுத்தினால் வேற ஆபத்து வரும். சர்க்கரைக்கும் கிட்னிக்கும் சேர்த்து உதவுவது அந்தச் சின்னதுதான். அது மட்டும் இருக்கட்டும்." பெரியவர்கள் இருவரும் தலையாட்டினார்கள். சர்க்கரை டாக்டர் கூசிப்போய், "சார், ஒண்ணும் தப்பா நினைக்கக் கூடாது" என்று இருவரிடமும் கேட்டுக்கொண்டார். அவருடைய கட்லெட் கடைசிவரை தட்டிலேயே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருந்தார்கள், போனோம். அன்று படுக்கவைத்துப் பார்த்தார்கள், நிற்கவைத்துப் பார்த்தார்கள். அப்பா கம்பியைப் பிடிக்காமல் நின்றார். அழுத்தம் இறங்கவில்லை. மூன்று டாக்டர்களும் பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளைகள் மாதிரி எட்டிப் பார்த்தார்கள். "சார் அன்னைக்கு மருந்தை நிறுத்தினதால்தான்" என்று ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

திரும்பும்போது தம்பானூரில் பஸ் நிறைந்திருந்தது. பாலராமபுரத்தில் ஒரு பெண் எழுந்து அப்பாவுக்கு இடம் கொடுத்தாள். "வேண்டாம் மோளே, எனக்கு நிக்கணும்" என்றார். நின்றார். நெய்யாற்றின்கரை தாண்டியது, பாறசாலை தாண்டியது. எங்கள் ஊரில் பெரியவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லையென்றால் பகை என்று எல்லோருக்கும் தெரியும். சேர்த்துவைக்க நாலு பேர் வருவார்கள். இந்த டாக்டர்கள் மரியாதையால் பேசாமல் இருக்கிறார்கள், சேர்த்துவைக்க ஆள் இல்லை என்று அப்பாவிடம் சொன்னேன். பஸ் ஒரு வளைவில் குலுங்கியது. ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்தபடி அப்பா யோசித்தார்.

"நல்ல மனுசம்மாரு மக்களே" என்றார். "ஒருத்தருக்கொருத்தர் இன்னும் கொஞ்சம் மரியாதை கூட்டிக் குடுத்திருந்தாவன்னா, நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருப்பேன்."