பேஸ் பெட்டியும் இரண்டாவது சுவிச்சும்

எங்கள் ஊரில் காது என்பது மூக்குக்கண்ணாடியை மாட்டி வைக்க ஆண்டவர் தந்த கொக்கி. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

"பேஸ் பெட்டியில ஸ்டீல் வாசிக்கலாமோ?" என்று என்னிடம் கேட்காத ஆள் இந்தத் தீவில் இல்லை. கேட்பவர்களில் ஒருவருக்கும் பெடல் ஸ்டீல் என்றால் என்னவென்று தெரியாது. மேசை போல நான்கு காலில் நிற்கும் கிற்றார் அது. பத்துத் தந்தி. இடக்கையால் ஓர் இரும்பு உருளையைத் தந்திகளின் மேல் வழுக்கவிட்டு, வலக்கையால் மீட்டி, பாதத்தால் பெடல்களையும் முழங்காலால் நெம்புகோல்களையும் தள்ளி வாசிக்க வேண்டும். கனடாவில் இருக்கும் என் தம்பி ஆசையாக வாங்கி, நாலு நாளில் அலுத்துப்போய், எனக்குத் தள்ளிவிட்டான். எதையும் பாதியில் விடுவது எங்கள் குடும்பத்தில் அவனுடைய பங்கு.

பெட்டி நான் வாங்கியது. கொழும்பில் கலைந்துபோன ஒரு பைலா ஆட்டப்பாட்டுக் குழுவின் வால்வு அம்ப், கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி, என்னைவிட இரண்டு வயதுதான் இளையது. தடித்த கீழ்ச்சுரம் வாசிக்கும் பேஸ் கிற்றாருக்கென்று செய்தது. கருவாடு இறக்கிவிட்டுத் திரும்பிய லொறியில் மன்னாருக்கு வந்ததால், முதல் மூன்று மாதம் வால்வு சூடானதும் வீடு முழுக்கக் கட்டாக் கருவாடு மணந்தது.

ஸ்டீலின் மேல் சுரங்கள் கூரானவை. சாதாரணக் கிற்றார் அம்பில் சத்தத்தைக் கூட்டினால் அவை காதைக் குத்தும், பிறகு கரகரக்கும். இந்தப் பழைய பேஸ் பெட்டி கரகரக்காது. பேஸ் குமிழை அடியோடு குறைத்து, ட்ரெபிளைப் பாதியில் வைத்து, அந்தப் பதினைந்து அங்குல ஸ்பீக்கரில் ஒரு சுரத்தை இழுத்துவிட்டால், பிசிறில்லாமல் உருண்டு நிற்கும். பெட்டியில் பேஸ் என்று எழுதியிருப்பதால் பேஸ் மட்டும்தான் வாசிக்கலாம் என்பவர்கள், பிஸ்கற் ரின்னுக்குள் ஊசிநூல் வைத்திருக்கும் தங்கள் மனைவிமாரிடம் முதலில் போய்க் கேட்கட்டும்.

அதில் இரண்டு சுவிச். முதலாவதைப் போட்டால் முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு எரியும், வால்வுகள் சூடாகும். இரண்டாவதையும் போட்டால்தான் சத்தம் வெளியே வரும். ஐஸ் பக்டரியில் முப்பது வருடம் கம்பிரசர் பார்த்தவன் நான். இரண்டு சுவிச்சைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

நான் வாசிக்கத் தொடங்கினால் என் மனைவி எழும்பிக் குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுடைய காதைப் பற்றியும் எனக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருக்கவில்லை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஒரு முறை இந்த ஊர் அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இவ்வளவு இளக்காரமாக நினைக்கும் ஆட்களிடம் எதற்கு இந்த ஆசை என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் வருடாவருடம் அது கூடிக்கொண்டுதான் வந்தது.

எங்கள் மாதா கோவிலில் கீபோர்ட் வாசித்தவர் வேலைக்குக் கட்டாருக்குப் போனார். ஒரு பொத்தானை அமத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கு வாசிப்பு என்று பெயர் வைத்திருந்த மனிதர். திருநாளுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது பாடகர் குழுவை நடத்தும் கணித ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணை, நற்கருணை நேரத்து மாதா பாட்டுக்கு மட்டும் உங்கட சாமானை வாசிப்பீங்களோ? மற்றதுக்கெல்லாம் ஆர்மோனியம் இருக்குது."

"வாசிக்கிறன். ஆனா என்ர பெட்டியிலதான்."

"அது பேஸ் பெட்டியெல்லோ?" என்றார் ரீச்சர். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

ஒலிபெருக்கிக்காரர் அதைவிட மேல். பெட்டியைச் சுற்றி வந்து பார்த்து, "ஐயா, இதை ஒரு மூலையில வையுங்கோ. ஸ்டீலை நேரா என்ர மிக்ஸருக்குக் குடுப்பம்" என்றார். முடியாது என்றேன். அப்படியென்றால் அது பாடகர்களின் மைக்குக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று சொல்லி, பெட்டியைப் பீடத்துக்கு இடப்பக்கத் தூணடியில் வைத்து ஒரு மைக்கை நிறுத்தினார். நான் வலப்பக்கம், பாடகர்களுக்கு அருகில். இடையில் நீளமான வயர்.

திருநாளன்று காலையில் ஆட்கள் வருமுன் இரண்டு சுவிச்சையும் போட்டு, நாலு சுரம் வாசித்துப் பார்த்தேன். அந்த வெறுங்கோவிலுக்குள் அது போய் வந்த விதத்தில் எனக்குக் கண் கலங்கியது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் கலங்கியது.

பிறகு சனம் வரத் தொடங்கியது. ஆண்டவர் இருக்கும் நற்கருணைப் பேழையையும் அதனருகில் எப்போதும் எரியும் சிவப்பு விளக்கையும் அலங்காரப் பூக்கள் முழுதாக மறைத்திருந்தன. கோவிலுக்குள் நுழையும் கத்தோலிக்கரின் கண் சிவப்பு விளக்கைத்தான் தேடும். தேடியவர்களுக்கு என் பெட்டியின் விளக்கு அகப்பட்டது. ஒவ்வொருவராக அதற்கு முன்னால் ஒற்றை முழங்காலை மடித்து, சிலுவை போட்டுக்கொண்டு போய் இருந்தார்கள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மூட்டு வலியோடு கதிரையைப் பிடித்துக்கொண்டு மடித்தார். சட்டைப்பையில் இருந்த லேஞ்சியைப் போட்டு நான் அந்த விளக்கை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்று வரைக்கும் எண்ணினேன், பிறகு பாட்டுத் தாளைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

நற்கருணைக்குச் சனம் வரிசையில் எழும்பியது. பாட்டு தொடங்கியது. முதல் சுரத்தை மீட்டினேன். ஒன்றும் இல்லை. வொலியூம் பெடலை அடிவரை அமத்தினேன். ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இடையில் ஊரே வரிசையாக நின்றது. எழும்பி, அவ்வளவு பேரையும் விலக்கிக்கொண்டு போய், பெட்டிக்கு முன்னால் குனிந்திருக்க வேண்டும். இருபது எட்டுத் தூரம்.

நான் எழும்பவில்லை. இருந்த இடத்திலேயே உருளையை நகர்த்தினேன், பெடலை மிதித்தேன், மூன்றாவது வரியில் கண்ணைக்கூட மூடினேன். என்னை நம்பாத ஆர்மோனியக்காரர் பாட்டு முழுவதும் வாசித்துக்கொண்டே இருந்தார். கையைக் கட்டிக்கொண்டிருந்த கீபோர்ட்காரராவது நடிக்கவில்லை.

பூசை முடிய வாசலில் கை குலுக்கினார்கள். "அண்ணை, உருக்கிப்போட்டீங்கள்" என்றார் கணித ரீச்சர். "பழைய சாமான் பழைய சாமான்தான் ஐயா" என்று ஒலிபெருக்கிக்காரர் ஒப்புக்கொண்டார். சத்தமே போகாத மைக்குக்கு முன்னால் அரைநாள் நின்றவர். எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஒருவரிடமும் உண்மையைச் சொல்லவில்லை.

கோவில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் மட்டும் என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

"குறை நினைக்காதேங்கோ. சனம் பெட்டிக்கு முழங்கால் மடிக்குது, பாவமெல்லோ. லைட்டை நிப்பாட்டுவம் எண்டு ஒரு சுவிச்சைத் தட்டினனான். அது நிக்கேல்ல. மற்றதில கை வைக்கப் பயத்தில விட்டிட்டன். ஒண்டும் பழுதாகேல்லையே?"

"இல்லை" என்றேன்.

மனைவியோடு வீட்டுக்கு வந்தேன். வாசல் படலையைத் திறக்கும்போது கேட்டாள்.

"பெட்டி வேலை செய்யேல்லையோ?"

"ஆர் சொன்னது?"

"மூண்டாவது வரி முடியிற இடத்தில மேல ஒரு இழுவை இழுத்து மெல்ல இறக்குவீங்கள். அதுக்காகத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். வரேல்ல."

"நீ குசினிக்குள்ள எல்லோ இருப்பாய்."

"ஓம். கிட்ட இருந்தா நீங்கள் என்னைப் பாத்துப் பாத்துப் பிழை விடுவீங்கள். அங்கதான் வடிவாக் கேக்கும்." படலையைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "கோவிலில பக்கத்து வீட்டுப் பிள்ளையளையும் பாட்டு முடியுமட்டும் சத்தம் போடவேண்டாம் எண்டு சொல்லி வச்சிருந்தனான். நீங்கள் ஏன் எழும்பிப் போகேல்ல?"