சுவரைத் தொட்டுப் பார்த்தவர்

பீளமேட்டில் எனக்கிருந்த லைன் வீடுகளில் ஒன்றின் பின்சுவர் விரிசல் விட்டு இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது. பிள்ளைகளோடு அதில் குடியிருந்த பெண் என்னிடம் சொல்லி ஓய்ந்து, மாநகராட்சிக்கு எழுதிவிட்டார். அங்கிருந்து வந்தவர் ஒல்லியான மனிதர். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, பதினஞ்சு நாள்ல நீங்க கட்டோணும். இல்லீன்னா நாங்களே கட்டிப்போட்டு, செலவை உங்க சொத்து மேல வில்லங்கமா ஏத்திப்போடுவோமுங்க. அதைத் தீர்க்காம ஊட்டை விக்க முடியாதுங்க."

விற்கிற எண்ணமே எனக்கு இல்லை. ஆனாலும் வில்லங்கம் என்றதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த கொத்தனாரைக் கை கழுவக்கூட விடாமல் சைக்கிளில் ஏற்றி வந்தேன்.

சுவர் எழும்பியதும் மாநகராட்சிக்காரர் மறுபடி வந்து புறங்கையை வைத்தார். "இனிப் புள்ளைக பயமில்லாம தூங்குமுங்க" என்றார்.

"உங்க ஊடு எப்படிங்க?" என்று கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான்.

"வாடகை ஊடுங்க. மழை பேஞ்சா ஒழுகற நாலு எடத்துல குண்டா வைப்போமுங்க."

"அந்த ஓனருக்கும் ஒரு நோட்டீஸ் உடறதுதானுங்களே?"

"காலி பண்ணுன்னு சொல்லிப்போட்டா எங்கீங்க போறது?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அவர் விலாசத்தைக் கேட்டு, அவர் பெயர் வராமல் நானே மாநகராட்சிக்கு எழுதியிருக்கலாம். தப்பித்த சந்தோஷத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.