காற்றுக்கு வழி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அம்மாவுக்கு எதிலும் அவசரம். பெயிண்ட் வாளியில் ரோஜா வைத்தாள். அடியில் ஓட்டை போடவில்லை. பஸ் பிடிக்கும் ஓட்டத்தில் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்ப்பாள். மண் பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

“தண்ணி மேல மூடிட்டா மண்ணுக்குள்ள இருக்கிற காத்து எப்படிம்மா வெளிய வரும்? அது வந்தாத்தான் தண்ணி இறங்கும். ஓரமா ஊத்து.”

“காத்துக்கு வழிவிட நான் என்ன டிராஃபிக் போலீஸாடி?”

அம்மா இறந்தபின் செடியை யாரும் கவனிக்கவில்லை. ஒரு கிளையில்தான் பச்சை மிச்சம். இன்று மகளும் அலுப்பில் தண்ணீரை மொத்தமாகக் கவிழ்த்துவிட்டாள். அது இறங்காமல் மேலேயே நின்றது.

ஓரமாகப் பென்சிலை ஆழக் குத்தி உருவினாள். குமிழிகள் கிளம்பின, தண்ணீர் மெல்ல இறங்கியது.

“உன் அவசரம் எனக்கும் வந்துடுச்சும்மா” என்றாள், வாளியிடம்.