டேங்க் மூடி

தொண்ணூறுகளில் வாழைத்தார் ஏற்ற ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கி, புதிதாகப் பெயிண்ட் அடித்து ஓட்டினேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி திணறி நின்றுவிடும். இறங்கி, டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தால் டீசல் இருக்கும். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும். பீளமேட்டு மெக்கானிக் ஃபில்டரை மாற்றினார், பைப்பை ஊதிவிட்டார். அவர் ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் அது நிற்கவே நிற்காது.

மச்சினியின் கல்யாணத்துக்கு வாழை இலை ஏற்றிக்கொண்டு நானும் மனைவியும் கொடுமுடிக்குப் புறப்பட்டோம். வழியில் வண்டி மறுபடியும் நின்றது. நான் மூடியைத் திறந்தபோது அவள் பக்கத்தில் இருந்தாள்.

"ஏனுங்க, தொறக்கறப்ப புஸ்ஸுன்னு காத்து உள்ள போகுதுங்களே. மூடியிருந்தா காத்துப் போக வழியே இல்லீங்களா?"

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். காற்று போவதற்கான சின்னத் துளையைப் பெயிண்ட் அடைத்திருந்தது. காற்று புகாததால்தான் டீசல் இஞ்சினுக்கு இறங்கவில்லை. நான் திறக்கும்போதெல்லாம் காற்று புகுந்து, கொஞ்ச தூரம் ஓடியிருக்கிறது. அவள் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டாள். அப்புறம் வண்டி எங்கும் நிற்கவில்லை.

மண்டப வாசலில் மாமனார் பதறிப்போய் நின்றிருந்தார்.

"மாப்ளே, வண்டி தகராறு பண்ணுச்சுங்களா?"

"பண்ணுச்சுங்க மாமா. உங்க புள்ளதான் செரி பண்ணிப்போட்டா."

அவர் நம்பாமல் மகளைப் பார்த்தார். அவள் வெட்கப்பட்டு இலைக்கட்டோடு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு. கூட்டத்தில் அதைச் செய்யவில்லை. ஊர் திரும்பும்போது வண்டியில் வைத்துச் சொன்னேன்.